சார்ட்டர் விமானத்தில் மலிவு சீட்: எங்கே தேடுவது, எப்போது வாங்குவது?

கேள்வி இதுதான்: விடுமுறைக்குப் போக சார்ட்டர் விமானத்தில், அதாவது ஒருவர் மொத்தமாக வாடகைக்கு எடுத்து ஓட்டும் விமானத்தில், சீட் மலிவாகக் கிடைக்கும் என்கிறார்கள், ஆனால் டிக்கெட் விலை ஒப்பிடும் தளங்களில் தேடினால் ஒன்றும் கண்ணில் படுவதில்லை. எங்கே தேடுவது, எப்போது வாங்குவது, நம்பிப் பணம் கட்டலாமா?

மலிவு சீட் இருக்கிறது. ஆனால் தேதியை முதலில் முடிவு செய்துவிட்டு அதற்கு மலிவான விமானம் தேடினால் பெரும்பாலும் சிக்காது. விமானம் எந்தக் கிழமையில் எங்கிருந்து எங்கே போகிறது என்று பார்த்து, அதற்குத் தோதாக விடுமுறையை நகர்த்திக்கொள்பவருக்குத்தான் சிக்கும். ஏன் அப்படி என்பது இந்த வியாபாரம் நடக்கும் விதத்தில் இருக்கிறது.

அதற்கு முன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். சார்ட்டர் என்று தேடினால் பாதிக்குப் பாதி எட்டு சீட் தனியார் ஜெட் விளம்பரங்கள் வரும். யாரையோ இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் ஜெட்டை 'எம்ப்ட்டி லெக்' என்று தள்ளுபடியில் விற்பார்கள். வாடகை ஜெட்டின் முழு விலையோடு ஒப்பிட்டால் அது மலிவு. சாதாரண டிக்கெட்டோடு ஒப்பிட்டால் இல்லை. தவிர, முதலில் வாடகைக்கு எடுத்தவர் தன் பயணத்தை மாற்றினால் உங்கள் பயணமும் போச்சு. அதை விட்டுவிடுங்கள். இங்கே பேசுவது, பெரும்பாலும் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும், 180, 190 சீட் உள்ள பெரிய விமானத்தில் கடற்கரைக்கும் தீவுக்கும் கூட்டமாகப் போகும் விடுமுறை சார்ட்டரைப் பற்றி.

ஒருவர் முழு பஸ்ஸையும் வாடகைக்கு எடுத்து, சீட் சீட்டாக விற்று லாபம் பார்ப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். டூர் ஆபரேட்டர் செய்வதும் அதேதான். மே முதல் அக்டோபர் வரை ஒவ்வொரு சனிக்கிழமையும் இந்த ஊரிலிருந்து அந்தத் தீவுக்கு ஒரு விமானம் என்று விமான நிறுவனத்தோடு ஒப்பந்தம் போடுகிறார். சீட் நிறைந்தாலும் காலியாகப் போனாலும் வாடகை வாடகைதான். ஹோட்டல் அறைகளையும் மொத்தமாகப் பிடித்து, இரண்டையும் சேர்த்து பேக்கேஜாக விற்கிறார். பேக்கேஜில் போகாத சீட்டுகளைத் தனியாக விற்பார்; இதற்கு 'பிளைட் ஒன்லி' அல்லது 'சீட் ஒன்லி' என்று பெயர். நாம் தேடுவது பெரும்பாலும் இந்த மிச்ச சீட்டைத்தான்.

இந்த முறைக்கு வயது அதிகம். 1950இல் விளாடிமிர் ரைட்ஸ் என்பவர் ஹொரைசன் என்ற தன் நிறுவனத்தின் மூலம், பழைய டக்கோட்டா விமானத்தில் பிரிட்டனிலிருந்து கோர்சிகா தீவின் கால்விக்கு ஆட்களை அழைத்துப் போனார். தங்கியது கூடாரத்தில். முதலில் மாணவர்களும் ஆசிரியர்களும் மட்டும்தான் போகலாம் என்று அரசு நிபந்தனை போட்டது. வழக்கமான விமான நிறுவனங்களின் வருமானத்தில் கை வைக்கக் கூடாதே! அதே கவலையால்தான் 1960களில் அட்லாண்டிக் கடலைத் தாண்டும் சார்ட்டரில் ஏற ஏதாவது ஒரு சங்கத்தில் உறுப்பினராக இருக்க வேண்டும் என்ற விதி இருந்தது. டிக்கெட் விற்பதற்காகவே சங்கங்கள் முளைத்தன. அமெரிக்காவில் 1978இல் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடுகள் தளர்ந்தன, ஐரோப்பாவில் 1990களில் தளர்ந்தன. அதன் பிறகு சார்ட்டருக்கும் சாதாரண விமானத்துக்கும் இடையே இருந்த சுவர் இடிந்துவிட்டது. இன்று டூயி, காண்டோர், சன்எக்ஸ்பிரஸ், கனடாவின் ஏர் டிரான்சாட், அமெரிக்காவின் சன் கன்ட்ரி போன்றவை சார்ட்டராகவும் பறக்கின்றன, நேரடியாக டிக்கெட்டும் விற்கின்றன. அதனால் 'சார்ட்டர்' என்ற பெயரைத் தேடிப் பயனில்லை. விடுமுறைக் கூட்டத்தை மட்டும் நம்பிப் பறக்கும் தடத்தைத் தேட வேண்டும்.

இனி விலைக்கு வருவோம். சார்ட்டர் விமானம் ஒரு சுழற்சியில் ஓடுகிறது. இந்தச் சனிக்கிழமை புதுக் கூட்டத்தை இறக்கிவிட்டு, போன சனிக்கிழமை வந்த கூட்டத்தை ஏற்றிக்கொண்டு திரும்பும். பேக்கேஜ்கள் 7 இரவு, 14 இரவு என்று இருப்பதற்குக் காரணமே இதுதான். இந்தச் சுழற்சியின் இரண்டு முனைகளையும் கவனியுங்கள். சீசனின் முதல் சனிக்கிழமை விமானம் நிறைய ஆட்களோடு போகும். திரும்பி வர அங்கே யாரும் இல்லை. கடைசிச் சனிக்கிழமை எல்லோரையும் அழைத்து வரப் போகும். போகும்போது ஏற ஆளில்லை. சீசன் தொடக்கத்தில் தீவிலிருந்து கிளம்பும் பக்கமும், சீசன் முடிவில் தீவுக்குப் போகும் பக்கமும் காலி. அந்த ஒருவழி சீட்டுகளைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுவார்கள். நீண்ட நாள் தங்க முடிந்தவர்களுக்கு, அல்லது மறுவழிக்கு வேறு விமானம் பிடிக்கத் தயாராக இருப்பவர்களுக்கு இதைவிட நல்ல வாய்ப்பு இல்லை. விமான அட்டவணையில் கோடைக்காலம் என்பது மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறுக்கு முந்தின சனி வரை. ஆனால் மத்தியதரைக் கடல் தீவுகளுக்கான சார்ட்டர் சீசன் அதைவிடக் குறுகியது, பெரும்பாலும் மே முதல் அக்டோபர் வரைதான். எந்தத் தடம் என்றைக்குத் தொடங்கி என்றைக்கு முடிகிறது என்பதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஒருவழி டிக்கெட்டோடு போனால், திரும்பும் டிக்கெட்டைக் காட்டச் சொல்லும் நாடுகள் உண்டு. அந்த மறுவழி டிக்கெட்டையும் முன்பே வாங்கி வைத்திருப்பது நல்லது.

இரண்டாவது விஷயம் ஹோட்டல். ஆபரேட்டர் பிடித்து வைத்த அறைகளில் சிலவற்றுக்கு முழுப் பணமும் முன்பே கட்டியிருப்பார். மற்றவற்றை ஒரு குறிப்பிட்ட நாளுக்குள் விற்காவிட்டால் ஹோட்டலிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம். இந்த நாளை 'ரிலீஸ்' தேதி என்பார்கள். பயணத்துக்கு ஓரிரு வாரம் முன்பாக, ஹோட்டலைப் பொறுத்து இன்னும் முன்பாகவும், இது வரும். அது தாண்டியதும் ஆபரேட்டர் கையில் அறை குறையும், சீட் மட்டும் மிஞ்சும். அப்போதுதான் பிளைட் ஒன்லி விலை இறங்கும். மாறாக, பணம் கட்டிய அறைகள் மிஞ்சியிருந்தால் பேக்கேஜ் விலைதான் சரியும். சில சமயம் ஹோட்டலோடு சேர்ந்த பேக்கேஜ் வெறும் விமான டிக்கெட்டைவிடக் குறைவாக இருக்கும்! ஆகவே ஹோட்டல் வேண்டாம் என்பவர்களும் பேக்கேஜ் விலையை ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது. அப்படி வாங்கினால் ஹோட்டலுக்குப் போகப் போவதில்லை என்பதை ஆபரேட்டரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். அங்கே ஆள் வரவில்லை என்று தேடிக்கொண்டிருப்பார்கள். போகும் விமானத்தைத் தவறவிட்டால் திரும்பும் சீட்டையும் ரத்து செய்துவிடுவது வழக்கம், அதையும் மறக்க வேண்டாம்.

எப்போது வாங்குவது? என் கணிப்பில் இரண்டு நேரம்தான் உருப்படியானவை: அட்டவணை விற்பனைக்கு வந்த புதிதில், அல்லது கிளம்ப இரண்டு வாரம் இருக்கும்போது. இடைப்பட்ட மாதங்களில் ஆபரேட்டருக்கு அவசரம் இல்லை, விலையைக் குறைக்கக் காரணமும் இல்லை. பள்ளி விடுமுறையில் நான்கு பேர் கொண்ட குடும்பமாகப் போகிறவர்கள் கடைசி நேரத்தை நம்பவே கூடாது. மிச்சம் இருப்பது ஒன்றோ இரண்டோ சீட்டாக இருக்கும், அதுவும் தள்ளித் தள்ளி. தனி ஆள், அல்லது ஜோடி, பள்ளி விடுமுறைக்கு வெளியே, எந்தத் தீவாக இருந்தாலும் சரி என்பவர்களுக்குத்தான் கடைசி நேரம்.

சரி, தேடுவது எப்படி? விலை ஒப்பிடும் தளங்களில் சார்ட்டர் சீட்டுகள் எல்லாம் வராது. ஆபரேட்டர் தன் இருப்பைத் தன் தளத்திலும் முகவர்களிடமும் மட்டுமே வைத்திருப்பது சகஜம். ஆகவே தலைகீழாகத் தேடுங்கள். கிரீஸின் சாகிந்தோஸ் தீவை எடுத்துக்கொள்வோம். அந்த விமான நிலையத்தின் வருகைப் பட்டியலை ஒரு கோடைக்கால வார இறுதியில் திறந்து பாருங்கள். எந்தெந்த ஊரிலிருந்து விமானம் வருகிறது, எந்த நிறுவனம், எத்தனை மணிக்கு என்று வரிசையாக இருக்கும். அதில் நீங்கள் கேள்விப்படாத பெயர்கள் இருக்கும். உங்களுக்கு எட்டும் தூரத்தில் உள்ள, ஆனால் யோசித்தே பார்க்காத சின்ன விமான நிலையங்களும் இருக்கும். அந்தப் பெயர்களையும் கிழமைகளையும் குறித்துக்கொண்டு, அந்த நிறுவனத்தின் தளத்துக்கோ அதை வாடகைக்கு எடுத்த ஆபரேட்டரின் தளத்துக்கோ போய், விமானம் மட்டும் என்ற பகுதியில் அந்தக் கிழமையைப் போட்டுப் பாருங்கள். நீங்கள் கிளம்பும் ஊரின் புறப்பாட்டுப் பட்டியலையும் இதே மாதிரி பார்க்கலாம். கோர்ஃபு, கோஸ், அந்தாலியா, டாலமான், டெனெரீஃப், ஹர்கடா, புந்தா கானா போன்ற கடற்கரை விடுமுறை இடங்களுக்கு இந்த வழி நன்றாக வேலை செய்யும். தினமும் பத்து மலிவு விலை விமானங்கள் போகும் பெருநகரங்களுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டாம். அங்கே சார்ட்டர் பெரும்பாலும் போட்டி போடுவதே இல்லை.

நாட்களை ஒன்றிரண்டு முன்பின் நகர்த்துவது சாதாரண விமானத்துக்குப் போதும். இதற்கு அது போதாது, வாரத்தையே நகர்த்த வேண்டும். அதே தடத்தில் அடுத்தடுத்த நான்கு வாரங்களின் விலையை எழுதிப் பாருங்கள். ஒரு வாரம் மட்டும் தனியாக இறங்கியிருந்தால் அந்த விமானம் நிறையவில்லை என்று அர்த்தம். அது நல்ல செய்தி, கூடவே ஓர் எச்சரிக்கையும்கூட. பாதி காலியாக உள்ள இரண்டு விமானங்களை ஒன்றாகச் சேர்த்துவிடும் பழக்கம் இந்தத் தொழிலில் உண்டு. காலை விமானம் இரவு விமானமாக மாறலாம், புறப்படும் விமான நிலையமே மாறலாம். விமானம் இறங்கிய இரண்டு மணி நேரத்தில் கப்பல் பிடிக்க வேண்டும் என்ற மாதிரித் திட்டத்தோடு சார்ட்டரில் ஏறாதீர்கள்.

விலையைப் பார்த்து மயங்குவதற்கு முன் கூட்டிப் பார்க்க வேண்டியவை சில உண்டு. லக்கேஜ் முதலில். பேக்கேஜில் வாங்கினால் செக்-இன் பெட்டி பெரும்பாலும் சேர்ந்தே வரும். சீட் மட்டும் வாங்கும்போது தனிக் காசாக இருக்கலாம். விமான நிலையத்திலிருந்து ஹோட்டலுக்குப் போகும் பஸ்ஸும் அப்படித்தான். அப்புறம் நேரம். ஒரே விமானத்தை ஒரே நாளில் இரண்டு மூன்று முறை ஓட்டினால்தான் வாடகை கட்டுப்படியாகும். அதனால் விடியற்காலை மூன்று மணிக்குக் கிளம்புவதும் நள்ளிரவில் இறங்குவதும் சகஜம். ஏழு இரவு என்று பணம் கட்டியதில் ஒரு இரவு விமான நிலையத்து நாற்காலியில் கழிந்தால் அதன் விலையையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். அந்த நேரத்தில் ரயிலும் பஸ்ஸும் இருக்காது, டாக்சிதான். சீட்டுக்கிடையே இடம் குறைவு என்பதைச் சொல்லவே வேண்டாம். நான்கு மணி நேரம் தாங்கலாம், பத்து மணி நேரத்துக்கு உயரமானவர்கள் யோசிக்கட்டும்.

பெரிய வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. தினமும் பறக்கும் நிறுவனத்தின் விமானம் பழுதானால் மறுநாள் இன்னொன்றில் ஏற்றுவார்கள். வாரம் ஒரு விமானம் மட்டுமே போகும் தடத்தில் நீங்கள் தாமதமாகப் போய்த் தவறவிட்டால், அடுத்தது அடுத்த வாரம். வேறொரு விமானத்தில் வந்து சார்ட்டருக்கு மாறுகிறீர்கள் என்றால், இரண்டும் தனித்தனி டிக்கெட். பெட்டியை நீங்களே எடுத்து மறுபடி கொடுக்க வேண்டும், முதல் விமானம் தாமதமானால் இரண்டாவதற்கு யாரும் பொறுப்பில்லை. முந்தின நாளே போய் விமான நிலையம் பக்கத்தில் தங்குவது செலவுதான். ஆனாலும் என்னைக் கேட்டால் அதைச் செய்யச் சொல்வேன்.

உரிமைகள் விஷயத்தில் சார்ட்டர் பயணி இரண்டாந்தரம் என்று பலர் நினைக்கிறார்கள். தாமத இழப்பீட்டைப் பொறுத்தவரை ஐரோப்பாவில் அது சரியல்ல. 261/2004 என்ற ஐரோப்பிய ஒன்றிய விதி சார்ட்டருக்கும் பொருந்தும். ஒன்றியத்து விமான நிலையத்திலிருந்து எந்த நிறுவனத்தில் கிளம்பினாலும், அல்லது ஒன்றியத்து நிறுவனத்தில் உள்ளே வந்தாலும், மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகச் சேர்ந்தால் தூரத்தைப் பொறுத்து 250, 400 அல்லது 600 யூரோ கேட்கலாம். புயல் போன்ற கைமீறிய காரணமாக இருந்தால் கிடைக்காது. பணத்தைக் கேட்க வேண்டியது விமானத்தை இயக்கிய நிறுவனத்திடம், டிக்கெட் விற்ற ஆபரேட்டரிடம் அல்ல. இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். சீசன் நெரிசலில் ஒரு விமான நிறுவனம் வேறு நிறுவனத்தின் விமானத்தை விமானிகள், பணியாளர்களோடு சேர்த்து வாடகைக்கு எடுத்துப் பறக்கும்; டிக்கெட்டில் ஒரு பெயர், வாலில் வேறொரு பெயர் இருக்கும். அப்போது பொறுப்பு அப்படி வாடகைக்கு எடுத்த விமான நிறுவனத்துக்குத்தான், வாலில் பெயர் உள்ளவருக்கு அல்ல. ஏறும் முன் இயக்கும் நிறுவனம் யார் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஐரோப்பாவில் அதைச் சொல்வது விற்பவரின் கடமை.

பேக்கேஜாக வாங்கினால் ஐரோப்பிய ஒன்றியத்தின் 2015ஆம் ஆண்டு பேக்கேஜ் விதிமுறை இன்னும் கொஞ்சம் கவசம் தருகிறது. எரிபொருள், வரி, நாணய மதிப்பு காரணமாக விலையை ஏற்ற ஒப்பந்தம் இடம் தந்தாலும், பயணத்துக்கு 20 நாளுக்குக் குறைவாக இருக்கும்போது ஏற்ற முடியாது. 8 சதவீதத்துக்கு மேல் ஏற்றினால் கட்டணமின்றி விலகலாம். போக முடியாமல் போனால் 7 நாள் முன்பு தெரிவித்து இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்கலாம், நியாயமான மாற்றுச் செலவு மட்டும். அமெரிக்காவில் பொது சார்ட்டருக்கு, அதாவது பொதுமக்களுக்குச் சீட் விற்கும் சார்ட்டருக்கு, தனி விதிகள் உண்டு. கிளம்ப 10 நாளுக்குள் இருக்கும்போது ஆபரேட்டர் தன் வசதிக்காக ரத்து செய்ய முடியாது, விலையும் ஏற்ற முடியாது. அதற்கு முன்பு ரத்து செய்யலாம். அதனால் அங்கே வாங்குபவர்கள் அந்த நாள் தாண்டும்வரை மற்ற முன்பதிவுகளைத் திரும்பப் பெறக்கூடியதாக வைத்திருப்பது புத்திசாலித்தனம்.

நம்பிப் பணம் கட்டலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். இந்தத் தொழிலில் லாபம் மெல்லியது, பெரிய பெயர்களும் விழுந்திருக்கின்றன. 2017 அக்டோபரில் பிரிட்டனின் மொனார்க் விமான நிறுவனம் நின்றுபோனது. 2019 செப்டம்பர் 23 அன்று பிரிட்டனின் பயண நிறுவனமான தாமஸ் குக் மூடியபோது ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் வெளிநாட்டில் இருந்தார்கள். பிரிட்டனின் விமானப் போக்குவரத்து ஆணையம் விமானங்களை வாடகைக்குப் பிடித்து அவர்களைத் திருப்பி அழைத்து வந்தது. 2024 ஜூனில் ஜெர்மனியின் எஃப்டிஐ என்ற டூர் ஆபரேட்டர் திவாலானது. பேக்கேஜாக வாங்கியவர்களுக்குப் பாதுகாப்பு நிதியிலிருந்து பணம் திரும்பியது. அதே நிறுவனத்திடம் ஹோட்டலையோ காரையோ மட்டும் தனியாக வாங்கியவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஆகவே நிறுவனம் பெரியதா என்பதைவிட, நீங்கள் வாங்குவது எந்தப் பாதுகாப்புக்குள் வருகிறது என்பதே முக்கியம். பிரிட்டனில் ஏடோல் (விற்ற நிறுவனம் திவாலானால் பயணியின் பணத்தைக் காக்கும் ஏற்பாடு) சான்றிதழ் கையில் வந்ததா என்று பாருங்கள். விமான நிறுவனத்திடமே நேரடியாக வாங்கும் வெறும் டிக்கெட்டுக்கு அது பொருந்தாது. பேக்கேஜும் வெறும் சீட்டும் ஏறக்குறைய ஒரே விலை என்றால், நான் கண்ணை மூடிக்கொண்டு பேக்கேஜைத்தான் எடுப்பேன். பணத்தைக் கிரெடிட் கார்டில் கட்டுங்கள். வங்கிக் கணக்குக்கு நேரடியாக அனுப்பினால் தள்ளுபடி தருகிறேன் என்று யாராவது சொன்னால், பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

முழு விமானத்தையே நாமே எடுத்தால் மலிவாகாதா என்றும் சிலர் கேட்பார்கள். நூறு பேருக்கு மேல் ஒரே நாளில், ஒரே இடத்துக்கு, நேரடி விமானம் இல்லாத தடத்தில் போகிறீர்கள் என்றால் கேட்டுப் பார்க்கலாம். ஆனால் இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் பயணத்துக்கும், உங்களைத் திரும்ப அழைத்து வர மறுபடி காலியாகப் போவதற்கும் சேர்த்து நீங்கள்தான் பணம் கட்ட வேண்டும். ஆபரேட்டர் வாரா வாரம் சுழற்சியாக ஓட்டுவது அந்தச் செலவைத் தவிர்க்கத்தான். தரகர் தரும் விலைப்பட்டியலில் இந்தக் காலிப் பறத்தல், விமான நிலையக் கட்டணம், எரிபொருள் விலை ஏற்றம் மூன்றும் சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இருபது முப்பது பேர் என்றால் இந்த யோசனையை விட்டுவிட்டு, ஆபரேட்டரின் குழு முன்பதிவுப் பிரிவைக் கூப்பிட்டு, நிறையாத வாரம் எது என்று நேரடியாகக் கேளுங்கள். ஒரே அழைப்பில் இருபது சீட் போகிறது என்றால் இணையத்தில் காட்டாத விலை தொலைபேசியில் வரக்கூடும்.